ஒரு பாதாம் கேக் போதும்

“என்னம்மா, இப்படிக் குண்டைத் தூக்கிப் போடறீங்க! சாயந்திரம் நாடகம். வியன்னாவே உங்களைப் பாக்க வருது!”

நடிகை ஹெர்மினா கொடுத்த ராஜினாமாக் கடிதத்தை நாடக அரங்கின் இயக்குநர் விட்டாசெக் இரண்டாவது முறையாகப் படித்தார்.

“சினிமாக்காரங்க கொத்திட்டுப் போறாங்களா?”

“நாலு படம் நடிச்சாச்சு. கேமரா கை தட்டுமா, சொல்லுங்க?”

“சம்பளத்தை ஏத்தறேன்.”

“வேணாம்.”

“பெரிய ஒப்பனை அறை?”

“வேணவே வேணாம்.”

விட்டாசெக் காலில் விழாத குறை. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வெளியாளா, விருந்தாளி நடிகையா வந்து நடிச்சுக் குடுங்க. என்ன கேட்டாலும் தரேன்.”

“ஒரு பாதாம் கேக் போதும்!” ஹெர்மினா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

அன்று மாலை திரை விழுந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஹெர்மினா திரையை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பதினான்கு முறை குனிந்து வணங்கினார். பதினைந்தாவது முறை ரசிகர்களுக்கு முத்தங்களைப் பறக்கவிட்டார்.

ஓரமாக நின்ற விட்டாசெக் தலையில் கைவைத்துக்கொண்டார். கைதட்டலுக்கு வெளியே வந்து வணங்கும் உரிமை அந்த அரங்கில் விருந்தாளிகளுக்கு மட்டும்தான். நிரந்தர நடிகர்கள் தலைகாட்டக் கூடாது; சக்கரவர்த்தி காலத்துச் சட்டம். இருபத்தாறு வருடக் கைதட்டலையும் ஹெர்மினா திரைக்குப் பின்னால் நின்றுதான் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை விட்டாசெக்கின் மேசையில் பதினொரு நடிகர்களின் ராஜினாமாக் கடிதங்கள் கிடந்தன. மேலே ஒரு சீட்டு:

“எங்களுக்கும் ஆளுக்கொரு பாதாம் கேக் போதும்.”