உள்ளங்கை ஈரம்

பச்சை வலைத்துணியில் வடிகட்டிய காலை வெயில் காளான் கொட்டகைக்குள் இறங்குகிறது. சாலையில் சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டு ஓய்கிறது. கயிற்றில் தொங்கும் பைகளில் எங்கள் வயல் வைக்கோலை வேகவைத்து, விதை தூவி அடைத்திருக்கிறேன். என் மனைவி மங்கலம் இறந்துபோன பிறகு நான் போட்ட பைகளெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்தன. இந்தத் தடவையும் அப்படியானால் கொட்டகையைப் பிரித்துவிடலாமென்று அவள் தம்பி சிங்காரத்தை வரச்சொன்னேன். அரிவாளோடு வந்து நிற்கிறான். “என்னா மாமா, இதுவும் எருக்குழிக்குத்தானா?” நான் பைத்துளையருகே குனிகிறேன். வெள்ளை இழைகளின் நடுவே குண்டூசித் தலை போல மொட்டுகள் கூட்டமாக முளைத்திருக்கின்றன. “வந்துட்டுது மச்சான்.” அவனும் குனிந்து பார்க்கிறான். அரிவாளைக் கூரை இடுக்கில் செருகுகிறான். “இப்ப மட்டும் எப்புடி வந்துது?” “முன்ன ஈரம் ஜாஸ்தி. உங்க அக்கா சொன்னத இப்பத்தான் கேட்டேன். வைக்கோலப் பிழிஞ்சா சொட்டக்கூடாது, கை மட்டும் நனையணும்.” வெளியே தார்ப்பாயில் அடுத்த பைகளுக்கான வைக்கோல் மணக்க மணக்க ஆறிக்கொண்டிருக்கிறது. சிங்காரம் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிகிறான். ஒரு சொட்டும் விழவில்லை. விரித்த உள்ளங்கை வெயிலில் மின்னுகிறது. அதைத் துடைத்துக்கொள்ளாமலேயே நிற்கிறான்.