இழுத்துப் பார்த்த சட்டை

பட்டன் கழன்று வரவில்லை.

இழுவைக் கருவியிலிருந்து அந்தக் கைக்குழந்தைச் சட்டையை விடுவித்து, டிச் பட்டன் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அவள் அளந்தாள். எல்லைக்குள்தான். ஆனால் எல்லையை உரசிக்கொண்டு.

மாதிரிக்கு எடுத்த எட்டுச் சட்டைகளிலும் அதே கதை.

பாஸ் போடவும் மனம் வரவில்லை, தள்ளவும் வழியில்லை. இப்படி இழுபறியானால் இன்னொரு சோதனை இருக்கிறது. பெட்டிகளைப் பிரித்து நிறையச் சட்டைகள் எடுக்க வேண்டும். அளவெல்லாம் கிடையாது. இழுத்தால் நிற்கிறதா, கழல்கிறதா, அவ்வளவுதான். இரண்டிலும் தேறினால்தான் சரக்கு கப்பல் ஏறும்.

வெளிநாட்டுக் கம்பெனி சரக்கைச் சோதிக்க அவளை அனுப்புவதே இந்தக் கறாருக்காக. அவள் வருகிறாள் என்றாலே திருப்பூரில் பாதி முதலாளிகள் வாசலுக்கே வந்து நிற்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சோதித்த சட்டைகளை வெட்டிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. கத்தரியை எடுத்தாள். பெட்டி தூக்க வந்த மயிலாத்தா அங்கேயே நின்றாள். இந்த பனியன் கம்பெனியின் குழந்தைகள் அறையில் அவளுடைய பையன் கிடக்கிறான். ஆறு மாதம்.

மயிலாத்தா சட்டையைப் பார்த்தாள்.

கறார்க்காரிக்கும் மனம் இளகியது. ஒன்றை உருவிக் கொடுத்தாள். கழலாத பட்டன்தானே.

அதற்குள் டீ வந்தது. கத்தரியைக் கீழே வைத்தாள்.

டீக்குப் பிறகு இரண்டாவது மாதிரி. முதல் சட்டை நின்றது. அடுத்ததில் பட்டன் கையோடு வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மளமளவென்று.

சரக்கு மொத்தமும் தள்ளுபடி என்றாள். முதலாளி காலில் விழாத குறை.

"கொழந்தை வாயில போட்டுக்கிட்டா யாருங்க பதில் சொல்றது?"

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். கடல் தாண்டி எங்கோ தவழ்கிற குழந்தைகளை நினைத்தபடியே தள்ளுபடி முத்திரையைக் குத்தினாள்.

பிறகு, வெட்டாமல் விட்ட சட்டைகளை மேசையிலிருந்து அள்ளினாள்.

ஏழு.

கத்தரி எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஓடினாள்.

குழந்தைகள் அறை வாசலில் மயிலாத்தா முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள். உதட்டில் விரல் வைத்து, மெதுவாக வரும்படி சைகை காட்டினாள்.

"காலைல இருந்து அழுதுட்டே கெடந்தானுங்க மேடம். நீங்க குடுத்த சட்டையப் போட்டுவிட்டனுங்க. இப்பச் சத்தமே இல்லீங்க."