மூன்றாவது ஜன்னல்

யுன்ரூ தன் மேசைக்கடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் போஹானுக்குப் பகீரென்றது.

"அதுக்குள்ள மூட்டை கட்டிட்டியா?" என்றான் கிசுகிசுப்பாக. மதியத் தூக்க நேரம். விளக்கை அணைத்துவிட்டு ஆபீஸே மேசைமேல் தலை சாய்த்திருந்தது.

"குப்பைண்ணே. செத்துப்போன கீபோர்டு, யாருதுன்னே தெரியாத ஒயரு. எல்லாரும் சேர்த்துக்கிட்டே போனா, யாராவது ஒருத்தர் தூக்கிப் போடணும்ல?"

அவளுடைய ஒரு வருட ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா என்று சேர்மன் லாய் இன்னும் சற்று நேரத்தில் சொல்லிவிடுவார். இவளோ குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

சுவரிலிருந்த பங்குச் சந்தைப் பலகையின் சிவப்பு வெளிச்சம் தூங்குகிறவர்களின் முதுகில் படிந்திருந்தது. மேசைதோறும் காலி பபுள் டீ கோப்பைகள். சந்தை ஏறிய குஷியில் காலையில் சேர்மன் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தது. பலகை பச்சையாகிவிட்டால் மனிதர் அறையை விட்டே வெளியே வரமாட்டார்.

அவர்கள் எழுதுவது பங்குத் தரகர்களுக்கான மென்பொருள். அதில் யார் எந்த வரியைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பதை இதுவரை கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் பார்த்துவந்தார்கள். "எனக்கும் புரியற மாதிரி ஒரு ஜன்னல் வேணும். திறந்தா யாரு என்ன கிழிச்சீங்கன்னு தெரியணும்" என்று சேர்மன் சொல்லிவிட்டார். அதற்கான மூன்று செயலிகளைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யுன்ரூவின் தலையில் விழுந்தது.

போஹான் அவளுடைய குழுத் தலைவன். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் நிம்மதி வராதவன். மூன்றையும் அவனும் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தான்.

"முதலாவது ஆமை, அதை விடு. ரெண்டாவதை எடு. யாரு எத்தனை தடவை வேலையை ஏத்தினாங்கன்னு நீலத் தூண் மட்டும் காட்டும். உன் தூண்தான் உசரம்."

"ஒரு கமாவை மாத்தி மாத்தி ஒன்பது தடவை ஏத்தறவனும் அதுல ராஜா. எனக்கு மூணாவதுதான்ண்ணே."

"பைத்தியமா உனக்கு? அதுல சேர்த்த வரி பச்சை, அழிச்ச வரி சிவப்பு. வருஷம் பூரா நீ பார்த்தது அழிக்கிற வேலை. உன் பேருக்கு நேரே ஒரே ரத்தக்களறியா இருக்கு!"

உண்மைதான். ஆளாளுக்கு எழுதிக் குவித்துவிட்டுப் போன, யாருக்கும் பயனில்லாத வரிகளை எல்லாம் அவள்தான் ஒவ்வொன்றாகக் களைந்தாள். மென்பொருள் இப்போது இருமடங்கு வேகத்தில் ஓடுவது அதனால்தான். போன மாதம் அதை விளக்கப் போனபோது, "அழிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார் சேர்மன்.

"அழிச்சேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல" என்றாள் யுன்ரூ. "நீலத் தூணுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்க மாட்டேன்."

"சரி, நிறத்தையாவது மாத்தி வை. அதுக்கு வழி இருக்கு."

"மாட்டேன். அது எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கட்டும்." சுவர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

திமிர் பிடித்த பெண் என்று போஹானுக்கு எரிச்சலாக வந்தது. நாம்தான் சரியாக எடுத்துச் சொல்லவில்லையோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

சந்தை மூடியது. விளக்குகள் எரிந்தன. கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்புத் தடத்தோடு எல்லோரும் எழுந்து உட்கார, சேர்மன் வந்துவிட்டார். வாழ்நாளில் பாதியைத் தரகராகவே கழித்துவிட்டு இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். இவர்கள் எழுதும் நிரலில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது.

"எங்கம்மா என் ஜன்னல்?"

யுன்ரூ பெரிய திரையில் மூன்றாவதைத் திறந்தாள். பெயர், பெயருக்கு நேரே நிறம். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

முதல் பெயர், பச்சை. சேர்மனின் புருவம் சுருங்கியது. அடுத்ததும் பச்சை, உதட்டைப் பிதுக்கினார். போஹானின் வரிசையும் பச்சைதான். "ப்ச்" என்றார்.

மற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால்! "சேர்மன், நான்தான் அவளை அழிக்கச் சொன்..." என்று போஹான் எழுந்தான். சேர்மன் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

கடைசி வரிசை வந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிவப்பு.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது யாரு?"

"நான்தான்" என்றாள் யுன்ரூ. தலை குனியவில்லை.

போஹான் கண்களை மூடிக்கொண்டான். மேசையில் படீரென்று ஓர் அடி விழுந்தது.

"ஆபீஸே பச்சையா விழுந்து கெடக்கு, நீ ஒருத்திதாம்மா சிவப்பா ஏறியிருக்க!"