மலைப்பக்கம் திரும்பியது

கந்தப்பனின் உள்ளங்கை வியர்வையில் காகிதம் நனைந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலம் அது.

‘எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டுத்தான் வெடி வைத்தேன்’ என்று அவர் சொன்னபடியே அதில் இருந்தது.

பொய். சங்கு ஊதினால் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பொறுக்கவில்லை; சங்கே ஊதவில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைப்பவர் அவர். ஆறு நாளைக்கு முன்பு, அவர் வெடி வைத்த அதே நேரத்தில்தான் ஒரு சின்னப் பயிற்சி விமானம் போதமலையில் மோதி விழுந்தது. ஓட்டியவள் இருபத்திரண்டு வயதுப் பெண். தனியாக வந்தவள்.

மலையில் இன்னும் பாறை சரிந்துகொண்டிருந்தது. கயிறு கட்டிப் போனவர்கள் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டார்கள். விமானத்தை நெருங்க வழியில்லாமல், விசாரிக்க வந்த பெண் அதிகாரி அறிவுமதி குவாரி ஆபீசில் உட்கார்ந்து, பார்த்தவர்களையும் கேட்டவர்களையும் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

தெறித்த கல்தான் பட்டிருக்கும். ஆறு நாளாகக் கந்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அறிவுமதி செல்போனை மேஜைமேல் வைத்தார். அழுகிய மரவள்ளிக்கு நிவாரணம் கேட்க, பக்கத்துக் காட்டு அங்காளம்மாள் அன்று எடுத்த வீடியோ. படத்தில் விமானம் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

உறுமல். திணறல். பிறகு ஒன்றுமில்லை.

பதினோரு நொடி கழித்துத்தான் வெடி கேட்டது.

“பயப்படாதீங்க. உங்க வெடிக்கு முன்னாடியே இன்ஜின் நின்னுபோச்சு.”

கந்தப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பேனாவை எடுத்தார்.

அறிவுமதி வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னார். “ஒண்ணுதான் புரியல. இந்தக் குவாரி லாரி ரோட்டுல இறக்கத்தான் அந்தப் பொண்ணு நேரா வந்திருக்கா. இறங்கியும் இருப்பா. கடைசி நேரத்துல எதுக்கு மலைப்பக்கம் திரும்பினா? மேல போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

லாரி ரோடு.

வெடித்ததும் அந்த ரோட்டை மறைத்துக்கொண்டு புழுதி பனை உயரத்துக்கு எழுந்தது. அதன் ஓரத்தில், சத்தமே இல்லாமல், ஒரு வெள்ளை இறக்கை சாய்ந்து திரும்பியதை அவர் பார்த்திருந்தார். கல் பட்டுத்தான் சாய்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

பேனாவை மூடினார். கையெழுத்துப் போடாத காகிதத்தை மேஜைமேல் தள்ளிவைத்தார்.

“அதுக்கு மலையேற வேண்டாமுங்க மேடம்,” என்றார்.