எட்டு லட்சமும் ஒரு மவுஸும்

"முப்பது வருஷமா நடத்தின கடைக்கு எட்டு லட்சம்னு விலை போட்டிருக்காங்க. ‘சம்மதம்’ங்கிற இடத்துல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது. இந்த மவுஸ்தான் தட்ட விட மாட்டேங்குது" என்றாள் வேணி.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க அந்தத் திருவானைக்காவல் வீட்டுக்கு வந்திருந்த லின்சி, பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். காந்தி மார்க்கெட்டில் இருக்கும் வெங்காய மண்டியைப் பக்கத்துக் கடை பிச்சமுத்துவுக்குக் கைமாற்றும் படிவம். இன்று ஐந்து மணியோடு கெடு. இப்போது நாலேகால்.

"நடக்கிற கடையை ஏங்க்கா கொடுக்கறீங்க?"

வேணி திரைச்சீலை தொங்கிய உள்ளறையைக் கண்ணால் காட்டினாள். "எங்க வீட்டுக்காரர் படுத்து நாலு மாசம் ஆச்சு. பக்கவாதம். பேச்சு போச்சு, வலது கை போச்சு. கை இனிமே வராதுன்னுட்டார் டாக்டர்."

"ஆள் வச்சு நடத்தலாமே?"

"எங்க மண்டியில விலையை வாயால சொல்ற வழக்கமே இல்லம்மா. துண்டுக்கடியில கையைக் கோத்து, விரலைத் தொட்டுத்தான் பேரம். அவர் ஆள்காட்டி விரலை வெடுக்குனு பின்னால இழுத்தார்னா, கட்டாதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எந்தக் கொம்பனும் பேச முடியாது. அந்தக் கையே இல்லேன்னா கடை எதுக்கு?"

லின்சி மவுஸைப் புரட்டிப் பார்த்தாள்.

"புதுசா இருக்கே?"

"போன மாசம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கினது. நானூறு சொன்னான். இருநூத்து எழுபதுக்கு முடிச்சேன்."

"குறைச்ச நூத்து முப்பதைத்தான் இப்படிக் குதிச்சுக் கழிக்குதோ என்னவோ! பழசு என்னாச்சு?"

"அது அவரோடது, ஒயர் இல்லாதது. தனியா எடுத்து வச்சுட்டேன்."

லின்சி மவுஸின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். மேஜைக் கண்ணாடி மேல் ஒரு காலண்டர் தாளை விரித்து, அதில் வைத்து ஓட்டினாள். அம்பு வெண்ணெய் போல வழுக்கிப் போனது.

"சரியாயிடுச்சு. தட்டுங்க."

எழுத்தை வாய்விட்டுப் படித்தால்தான் வேணிக்கு மனதில் ஏறும். "எட்டு லட்சம் ரூபாய்க்குக் கடையைக் கொடுக்க…" என்று படித்தபடி அம்பை நகர்த்தினாள். ‘சம்மதம்’ அருகே போன அம்பு, வெடுக்கென்று கீழே இறங்கியது.

"பார்த்தியா!"

லின்சி ஒயரை வேறு துளையில் மாற்றிச் செருகினாள். அவள் ஓட்டியபோது ஒழுங்காக ஓடியது. வேணி படித்தாள். வெடுக்.

"எப்பவும் கீழ்ப்பக்கமாத்தான் இழுக்குது. மவுஸ் கெட்டிருந்தா நாலா பக்கமும் ஓடணும்" என்று முனகிய லின்சி, ஒயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "இப்ப சும்மா படிங்கக்கா."

"எட்டு லட்சம் ரூபாய்க்கு…"

மவுஸே இல்லாத திரையில் அம்பு கீழே இறங்கியது.

வேணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். லின்சி மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கைவிட்டுத் துழாவினாள். விரல் நகம் அளவுக்கு ஏதோ செருகியிருந்தது.

"பயப்படாதீங்க. பழைய மவுஸோட ரிசீவர் இது. எடுக்க மறந்திருக்கீங்க. அந்த மவுஸ் அசைஞ்சா இங்க அம்பு நகரும். அது எங்கக்கா இருக்கு, எலி ஓடுற பரண்லயா?"

வேணி உள்ளறைத் திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழகின பொருள் எதையாச்சும் கைக்கடியில வைங்கன்னு பிசியோதெரபி பண்ற தம்பி சொல்லுச்சு…" என்றவள், முடிக்காமல் உள்ளறைக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கினாள்.

அவள் கணவர் அழகிரி விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஃபேன் காற்றில் சில்லிடக் கூடாதென்று அவருடைய வலது கையை வேணியே ஒரு துண்டால் மூடி வைத்திருந்தாள். துண்டின் ஓரத்தில், மவுஸின் சிவப்பு வெளிச்சம் கசிந்தது.

வேணி துண்டுக்கடியில் தன் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு லட்சம்ங்க."

ஆள்காட்டி விரல் வெடுக்கென்று பின்னால் இழுத்தது.

"பத்து?"

மறுபடியும் இழுத்தது.

"சரிங்க. கொடுக்கல."

விரல் அவள் உள்ளங்கையில் அடங்கிக் கிடந்தது. மணி ஐந்தைத் தாண்டியும் வேணி கையை எடுக்கவில்லை: ஐந்து விரலில் ஒன்று வரவு, பாக்கி நான்கு.