மலைக்கு அந்தப் பக்கம்

"மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டா, இவர் குரல் எனக்குக் கேட்காம போயிடுமா?"

அவள் குரல் லேசாக நடுங்கியது. ரேடியோ கடைக்காரர் கையிலிருந்த வாக்கி டாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு அவளைப் பரிவோடு பார்த்தார். புருஷன்மேல் இத்தனை உயிரா என்று தோன்றியது அவருக்கு.

"கேட்குமான்னு கேளுடி. கேட்காம போயிடுமான்னு அபசகுனமா ஆரம்பிக்காதே" என்று கடிந்துகொண்ட கணவன், கடைக்காரரிடம் திரும்பினான். "அடுத்த வாரம் ரெண்டு ஜீப்புல காட்டுப் பாதையில போறோம். முன்னாடி வண்டியில நான். பின்னாடி வண்டியில இவளும் பொண்ணும். அங்கே போனுக்கு டவர் கிடையாது. நான் கூப்பிட்ட அடுத்த நொடி இவ பதில் சொல்லணும். அதுக்கு எது சரிப்படும்?"

"கையில வெச்சுப் பேசறது, இறங்கி நடக்கும்போதுதான் சரி சார். வண்டிக்குள்ள சுத்திலும் இரும்பு. பாதி சிக்னலை அதுவே முழுங்கிடும். வண்டியிலேயே பொருத்தற செட்டா வாங்குங்க, ஆண்டெனா கூரைமேல நிக்கணும். பவர் ஜாஸ்தின்னு சொல்றதை எல்லாம் நம்பாதீங்க. குறுக்கே மலை வந்தா எந்தக் கொம்பனும் தடுமாறுவான்."

"அப்போ கேட்காதா?" என்றாள் மறுபடியும்.

"சின்னக் குன்றுன்னா கேட்கும்மா. பெரிய மலைன்னா சந்தேகம்தான். பயப்படாதீங்க, சார் பக்கத்துலதானே போகப்போறார்!"

அவள் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. கணவன்தான் பையைத் திறந்து எடுத்துப் பார்த்தான். "உங்க அக்கா. அப்புறம் பேசிக்கலாம்" என்று அணைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் கைப்பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். கடைக்காரருக்குத்தான் என்னவோபோல் இருந்தது. சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்து மறுபடி சுருட்டினார்.

"சோதிச்சுப் பார்க்காம வாங்க மாட்டேன்" என்றான் கணவன்.

அவனுடைய ஜீப் டயர் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் நின்றதால், அவளுடைய ஜீப்பில்தான் மூவரும் வந்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு செட்டை அதில் பொருத்தி, கூரைமேல் காந்தத்தால் ஒட்டும் ஆண்டெனாவை நிறுத்தினார். பின் சீட்டில் மகள் கதைப் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். இன்னொரு செட் கடை மேஜைமேல் தயாராக இருந்தது.

"நான் ஓட்டிட்டுப் போகட்டுமா சார்?"

"வேணாம். இவளே போகட்டும். கூப்பிட்டா உடனே எடுக்கிறாளான்னு நான் பார்க்கணும்."

அவள் சாவிக்கொத்திலிருந்து வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, வீட்டுச் சாவிகளைக் கணவன் முன்னால் வைத்தாள். "ஓட்டும்போது கொத்து முழங்கால்ல இடிக்குது" என்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜீப் தெருமுனை திரும்பியதுமே அவன் பட்டனை அழுத்தினான். "எங்கே இருக்கே?"

"பெட்ரோல் பங்க் தாண்டிட்டேன். கேட்குதா?"

"கேட்குது. போயிட்டே இரு."

பிறகு பாலத்திலிருந்து பேசினாள். கல் குவாரியிலிருந்து பேசினாள். ஒவ்வொரு முறையும் அவன் கேட்டு முடித்துப் பட்டனை விட்ட மறுநொடியே அவள் பதில் வந்தது. "பார்த்தீங்களா சார்? பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு" என்று கடைக்காரர் பூரித்துப்போனார்.

"இப்போ எங்கே?"

"மலை ஏறிட்டிருக்கேன்." குரலோடு சேர்ந்து கரகரப்பும் வந்தது.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போனே? போதும். வண்டியைத் திருப்பு."

பதில் இல்லை. கரகரப்பு மட்டும்.

"திருப்புன்னு சொல்றேன்ல! காதுல விழலையா? பதில் சொல்லு! ஏய், பதில் சொல்லுடி!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். பட்டனை அழுத்தியிருந்த கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது.

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார்... பட்டனை விடுங்க. நீங்க விட்டாத்தான் அவங்க பேசறது கேட்கும்."

விட்டான்.

கரகரப்புக்கு நடுவே அவள் குரல் வந்தது. அதில் இப்போது துளிக்கூட நடுக்கமில்லை.

"திரும்பி வர்றதுக்காக நாங்க கிளம்பலைங்க."