இரண்டு டிகிரி ஆப்பு

காருக்கு அடியில் படுத்தபடியே வெண்டெல் தன் மனைவியின் எடை என்னவென்று கேட்டான்.

முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவன் கேட்கிற கேள்வியா இது? இதைக் கேட்டுவிட்டு அன்று இரவு சூடாகச் சாப்பிட்ட புருஷன் ஒஹையோ மாநிலத்தில் எவனும் இல்லை. ஆனால் வெண்டெல் காருக்காகக் கேட்டான். காருக்காக என்று சொல்லிவிட்டால் யாரிடமும் எதையும் கேட்கலாம் என்பது அவனுடைய நெடுநாள் எண்ணம்.

"நூத்தி எழுபத்தாறு பவுண்டு," என்றாள் டார்லீன். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

கார் அறுபத்தேழாம் வருடத்து மாடல். வெண்டெல் தானே பிரித்து, தானே பூட்டியது. தானே பூட்டியதாலோ என்னவோ, அறுபது மைல் வேகத்தைத் தொட்டதும் பின்பக்கம் கிடுகிடுவென்று ஆடும். டார்லீனின் கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த சிமெண்டை அந்த ஆட்டம்தான் பெயர்த்துக் கையில் கொடுத்தது.

வரும் சனிக்கிழமை டொலீடோவில் மகளுக்குக் கல்யாணம். தொண்ணூறு மைல். இந்தக் காரில்தான் இருவரும் ஜோடியாகப் போய் இறங்க வேண்டும் என்று வெண்டெலுக்குப் பிடிவாதம். அவள் இன்று மதியம் வரை கெடு வைத்திருந்தாள். அதற்குள் ஆட்டம் நிற்காவிட்டால் தன் தம்பி ரெக்ஸின் வண்டியில் போய்விடுவாள். அவனிடம் ஓர் இடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஆட்டத்துக்கு வெண்டெல் கண்டுபிடித்திருந்த காரணம் ரொம்ப எளிமையானது.

"நான் தனியா ஓட்டுனா வழுக்கிட்டுப் போகுது. நீ ஏறுனாத்தான் ஆடுது."

இதை வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கார் சங்கத்து ஆட்கள் பதினாலு பேர் முன்னாலும் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். டார்லீனும் சேர்ந்து சிரித்தாள். அது அவளுக்கு வலித்தது. அன்றிலிருந்து ஒரு வருடமாக அவள் இரவில் ரொட்டியைத் தொடுவதில்லை. வெண்டெல் இதைக் கவனிக்கவில்லை. அவன் கவனம் முழுக்கப் பின் ஆக்ஸிலில் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கியர்பாக்ஸின் வால் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ, பின் ஆக்ஸிலின் மூக்கும் அதற்கு ஈடாகச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நடுவே சுற்றும் தண்டு அமைதியாகச் சுற்றும். ஒத்துப்போகாவிட்டால் உதறும். மூக்கைச் சரிசெய்ய ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஓர் இரும்பு ஆப்பு வைப்பார்கள். வெண்டெல் வைத்திருந்தது இரண்டு டிகிரி ஆப்பு.

அளக்கும்போது வண்டி நாலு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஓட்டுகிறவனின் கனமும் அதன் மேல் இருக்க வேண்டும். ஓட்டுகிறவன் அடியில் கிடப்பதால் அவன் இடத்தில் மணல் மூட்டைகள் உட்காரும். சங்கத்தில் ஒவ்வொருவனிடமும் தன் எடைக்கு நிரப்பிய மூட்டைகள் உண்டு. ஒருவன் மூட்டையை இன்னொருவன் தூக்கிப் பார்ப்பதில்லை. அங்கே அப்படி ஒரு நாகரிகம்.

டார்லீன் சங்கத்தில் இல்லை.

தன் எடைக்கும் மணல் நிரப்பப்போகிறான் என்று புரிந்ததும், முதலில் அவன் பங்கைப் பார்க்கலாமென்று கார் கதவைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கையில் நாலு மூட்டைகள். ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து என்று மையால் எழுதியிருந்தது.

"இது யாரு?"

"நான்தான். நூத்தி எண்பது."

கல்யாணத்தன்று அவன் நூற்று எண்பதுதான். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று ரெக்ஸ் ஒற்றை ஆளாக அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேவாலய வாசலில் ஒரு சுற்று வந்தான். இப்போது தூக்குவதென்றால் ஜாக்கி வேண்டும்.

அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

"வெளிய வா. நீயே ஏறி உக்காரு."

"மணலும் நானும் ஒண்ணுதான், டார்லீன்."

"ஒண்ணுதானே. அப்புறம் உக்கார்றதுக்கு என்ன?"

அவன் உட்கார்ந்தான். ஸ்பிரிங் பட்டை முனகியது. டார்லீன் அவனுடைய சக்கரப் பலகையில் படுத்து உள்ளே போனாள். ஆக்ஸில் மூக்கில் காந்தத்தால் ஒட்டியிருந்த கோணமானியைப் பார்த்தாள். மணலுக்குக் கிடைத்த அளவை அவன் சக்கரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருந்தான். ஆக்ஸில் பக்கம் மூன்று, கியர்பாக்ஸ் பக்கம் மூன்று. இப்போது ஆக்ஸில் பக்கத்து முள் நாலைத் தாண்டி நின்றது.

"வெண்டெல், நீ தனியா ஓட்டுறப்பவும் இது ஆடுதா?"

அவன் நெளிந்ததில் ஸ்பிரிங் பட்டை மறுபடி முனகியது.

"ஆடும்."

"எப்பலேர்ந்து?"

"பூட்டுன அன்னிலேர்ந்து."

டார்லீனுக்கு முதலில் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே நல்ல பசியும் வந்தது.

வெளியே வந்து அவனை இறங்கச் சொன்னாள். தான் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்பப் போய்ப் பாரு."

அவன் மூச்சு வாங்கக் குனிந்து, பலகையில் சரிந்து, அடியில் மறைந்தான். கோணமானியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லு."

"மூணு," என்றான் கடைசியில். "ரெண்டு பக்கமும்."

"ரெக்ஸ் வண்டியில எடம் இருக்கு. கல்யாணத்துக்கு நீ அதுல வந்துரு," என்று சொல்லிவிட்டு, டார்லீன் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.